பொறைக்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று

18.11.2024
உள்ளேயிருந்து

அக்கா,

நான் முகிலன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல, சோறு போடுறாங்க, கொசுவும் ஊசி போடுது. நீ எப்படி இருக்க? பெங்களூர்ல உன் எலிங்கல்லாம் சௌக்கியமா? இங்கேருந்து வெளிய போற கடுதாசிய எல்லாம் ஒரு சார் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் அனுப்புவாராம். அதனால முதல்ல அவருக்கு ஒரு வணக்கம். சார், சாப்பிட்டீங்களா?

போன்ல பேச ஒரே ஒரு நம்பர்தான் எழுதிக் குடுக்கணும்னாங்க, அம்மா நம்பரக் குடுத்துட்டேன். அதான் உனக்குக் கடுதாசி. அம்மா உங்கிட்ட அழுதிருக்கும், உனக்கு ஒரு மண்ணும் புரிஞ்சிருக்காது. நான் சொல்றேன், கேளு.

அன்னிக்கு சாயந்திரம் பொறைக்கு வலிப்பு வந்துச்சு. எப்பவும் வந்து அடங்குமே, அது இல்ல. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது. வாயெல்லாம் நுரை. அம்மா அப்பதான் கெஸ்ட் ஹவுஸ் வேலை முடிச்சு வந்து செருப்பக் கழட்டுது. அவனை பெட்ஷீட்ல சுருட்டி மடியில வெச்சுக்கிட்டு வண்டியில பின்னாடி ஏறிடுச்சு. கெளம்பும்போது சொல்லுது: "நீ அவனுக்கு என்னத்தக் குடுத்தியோ அத்தயும் எடுத்துக்க. டாக்டரு கேப்பாரு." மாமாவப் பாம்பு கடிச்சப்ப, அடிச்ச பாம்ப பையில போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன குடும்பம் இல்ல நம்மது? நானும் யோசிக்கல. நெய் பாட்டிலு, மிச்சம் இருந்த பொட்டலம், எல்லாத்தையும் பையில போட்டேன்.

உழவர்கரை டாக்டர்கிட்ட போறதுக்குள்ள, வாய்க்கால் பாலத்துல செக்கிங். பையத் திறந்தாங்க.

"என்னடா இது?"

"கஞ்சா சார். நாய்க்கு வலிப்பு. அதுக்குக் குடுத்தேன்."

"நாயி கேட்டுச்சா?"ன்னான் ஒருத்தன். "கடன் சொல்லிச்சா?"ன்னான் இன்னொருத்தன். பொறை அங்கயே, ரோட்டு மேல, கால ஒதறிக்கிட்டு கெடக்கான். இவனுங்க சிரிக்கிறானுங்க. எனக்கு முன்னாடி ஒருத்தனப் புடிச்சு நிக்க வெச்சிருந்தாங்க, அவன் மூட்டையில கிலோ கணக்குல இருந்துச்சு. அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. ரெண்டு பேரையும் ஒரே கேஸ்ல எழுதிட்டாங்க, கூட்டாளின்னு. அம்மா ஒரு ஆட்டோவ மறிச்சு பொறையத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போச்சு. அவ்ளோதான். அதுக்கப்புறம் நான் அவனப் பாக்கல.

யாருடா சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்க. யாரும் இல்ல, யூடியூப்ல பாத்தேன்னு சொன்னேன். இந்த வரிய நீயும் ஒருதடவ நல்லாப் படிச்சுக்க.

இப்ப ரெண்டு விஷயம். பொறை எப்படி இருக்கான்? அம்மா கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டு "இருக்கான்"னு மட்டும் சொல்லுது. கேட்டு எழுது. ரெண்டாவது, நீ வா. எனக்கு இலவச வக்கீல் குடுத்திருக்காங்க, சுமலதா மேடம். "நாய்க்குத்தான் வாங்கினான், விக்கிறதுக்கு இல்லன்னு விவரம் தெரிஞ்சவங்க யாராவது எழுதிக் குடுத்தா நல்லது"ன்னு சொல்றாங்க. எலிக்கு வலிப்பு வரவெச்சு கஞ்சா மருந்து குடுத்துப் பாக்குறதே உன் வேலை. உன்னவிட விவரம் தெரிஞ்சவங்களுக்கு நான் எங்க போவேன்?

சீக்கிரம் வா.
முகிலன்


2.12.2024
பெங்களூரு

அன்புள்ள தம்பி முகிலனுக்கு,

உன் உடல்நிலை நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் முதல் விருப்பம். நான் நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அங்கே போர்வை கொடுக்கிறார்களா? தண்ணீர் காய்ச்சித் தருவார்களா? யாரோடும் சண்டைக்குப் போகாதே. உனக்கு வாய் அதிகம்.

நடந்ததை அம்மா சொன்னார். இரண்டு நாட்கள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆய்வேட்டின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். எங்கள் பேராசிரியர் இந்த மாதம் யாருக்கும் விடுப்புத் தருவதில்லை. சூழ்நிலையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வக்கீல் கேட்ட தாளைப் பற்றி யோசிக்கிறேன். நான் உன் அக்கா என்பதால் நான் எழுதினால் அதற்கு மதிப்பு இருக்குமா என்று தெரியவில்லை.

உன் கைப்பேசி எங்கே இருக்கிறது? போலீசாரிடமா, வீட்டிலா? அம்மாவுக்குத் தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

தைரியமாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன் அக்கா,
செந்தமிழ்ச்செல்வி


9.12.2024
உள்ளேயிருந்து

அக்கா,

சார் வணக்கம். அக்கா உனக்கும்.

போர்வை குடுத்தாங்க. தண்ணி காய்ச்சல. சண்டைக்கு நான் போகல, சண்டை என்கிட்ட வருது.

உன் கடுதாசிய நாலு வாட்டி படிச்சேன். குளிரு இருக்கு, பேராசிரியர் இருக்காரு, போர்வை இருக்கு. பொறை எங்க? ஒரு வரி கூட இல்ல. நான் கேட்டதே அதத்தானே?

அவன் பேரு உனக்கு ஞாபகம் இருக்கா? மணிக்கூண்டுப் பக்கத்து டீக்கடையில, போறவன் வர்றவன்லாம் டீயில முக்கித் தின்ற பொறை ரொட்டியப் போட்டு வளந்த குட்டி. பிஸ்கட் போட்டா மோந்து பாத்துட்டுப் போயிடுவான், பொறைதான் வேணும். அதான் பேரு. நான் காலேஜ் விட்டுட்டு வந்த வருஷம், வீட்டுல யாரும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. நீயும்தான். அவன் பேசினான்.

போன வருஷம் வலிப்பு ஆரம்பிச்சப்ப டாக்டர் தெய்வசிகாமணி மாத்திரை எழுதினாரு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வலிப்பு கொறைஞ்சுது, ஆனா பொறை கவுந்துட்டான். நின்ன எடத்துல தூங்குவான். நாலு காலும் நாலு பக்கம் போவும், செவுத்துல போயி முட்டுவான். தெருப் பசங்க "குடிகார நாயி"ன்னு கல்லு விடுவாங்க. நீ பொங்கலுக்கு வந்தப்ப பாத்தியே, "ஐயோ பாவம்"னு சொல்லிட்டு பஸ் ஏறினியே.

அந்தக் கஞ்சா நெய் குடுத்ததுக்கப்புறம் ரெண்டு வாரம் அவன் நாயா இருந்தான்க்கா. ஓடினான். டீக்கடை வரைக்கும் தனியாப் போயிட்டு வந்தான். பூனையத் தொரத்தினான். மாத்திரைய நிறுத்திட்டேன், இனிமே வேணாம்னு. நான் அவனக் காப்பாத்திட்டேன்னு நெனச்சேன். அப்புறம்தான் அந்தச் சாயந்திரம்.

அதனால அவன் எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியணும். "சூழ்நிலை" எனக்கு வேணாம். போன் தொலைஞ்சு போச்சு. எழுதியாச்சு, போதுமா?

முகிலன்


8.1.2025
பெங்களூரு

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? பொங்கல் நெருங்குகிறது. நீ இல்லாமல் அம்மா பொங்கல் வைக்கப்போவதில்லை என்கிறார். அங்கே அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் தருவார்களா என்று விசாரி.

பதில் தாமதமானதற்குக் கோபப்படாதே. பொறை நலமாக இருப்பான் என்று நம்புகிறேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒருநாளும் பொறுமையாகக் கேட்டதில்லை. இப்போது உனக்கு நேரம் இருக்கிறது, சொல்கிறேன். மூளையில் சில நரம்புகள் மற்ற நரம்புகளை முடுக்கிவிடும். சில நரம்புகள் அடக்கும். அடக்குகிற நரம்புகள் விடும் வேதிப்பொருளுக்கு காபா என்று பெயர். காபா தன் வேலையைச் செய்யாவிட்டால் எல்லா நரம்பும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கும். அதுதான் வலிப்பு. நாங்கள் எலிக்கு ஒரு ஊசி போட்டு காபாவின் வேலையைத் தடுக்கிறோம். எலி துடிக்கும். அதற்கு முன்பே கஞ்சாச் செடியில் உள்ளது போன்ற ஒரு மருந்தைக் கொடுத்தால் அந்தத் துடிப்பு தள்ளிப்போகிறதா என்று பார்க்கிறோம். சில நேரம் தள்ளிப்போகிறது. சில நேரம் இல்லை. காரணம், அந்த மருந்து முடுக்கும் நரம்பின் முனையிலும் போய் உட்காரும், அடக்கும் நரம்பின் முனையிலும் போய் உட்காரும். எங்கே உட்கார்ந்தாலும் அந்த நரம்பின் வாயை மூடிவிடும். எதன் வாய் முதலில் மூடும் என்பதுதான் கேள்வி. அளவைப் பொறுத்தது.

என் காலடிச் சத்தம் கேட்டாலே எலிகள் கூண்டின் மூலைக்குப் போய்விடும். அதைப் பார்க்கும்போது சில நாள் உன் ஞாபகம் வருகிறது.

இந்த மருந்தை வைத்திருக்க எங்கள் ஆய்வகத்துக்குத் தனி அனுமதி வேண்டும். அதைப் புதுப்பிக்கும் நேரம் இது. எங்களில் யார் பெயரும் எந்த வழக்கிலும் வரக்கூடாது என்று பேராசிரியர் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். புரிந்துகொள்.

கைப்பேசி எங்கே தொலைந்தது? யார் கையிலாவது கிடைத்திருக்குமா? கொஞ்சம் யோசித்து எழுது.

அன்புடன்,
அக்கா


15.1.2025
உள்ளேயிருந்து

அக்கா,

சர்க்கரைப் பொங்கல் குடுத்தாங்க. முந்திரி இல்ல.

ஜாமீன் தள்ளுபடி.

எலிப் பாடம் நல்லா இருந்துச்சு. எங்க உக்காந்தாலும் வாய மூடிடும்னு எழுதியிருக்க. இதுக்கு எதுக்கு எலி? கண்ணாடியப் பாத்தாப் போதுமே.

போன் யார் கையிலயும் கெடைக்காது. நிம்மதியாத் தூங்கு.

முகிலன்


2.2.2025
முத்தியால்பேட்டை

செல்விக்கு அம்மா எழுதறது. எனக்கு முட்டி வலிதான், மத்தபடி ஒண்ணும் இல்ல. நீ வேளைக்குத் தின்றியா? நாலு நாளா போன் பண்றேன், எடுக்க மாட்டேங்கிற. அதான் கடுதாசி. அஞ்சாங்கிளாசு எழுத்து, பாத்துப் படிச்சுக்க.

பொறை இருக்குது. உசிரு இருக்குது. ஆனா அது நம்ம பொறை இல்ல செல்வி. செவுத்த ஒட்டினாப்புலயே சுத்திச் சுத்தி வருது. மூலைக்குப் போனா திரும்பத் தெரியாம அங்கியே நிக்குது, நான்தான் போயி திருப்பி உடணும். பேரச் சொல்லிக் கூப்புட்டா காது கூட அசையல. என்னை அதுக்கு யாருன்னு தெரியல. அன்னிக்கு ரொம்ப நேரம் வலிப்பு நிக்கல, மூளை அடிபட்டுப்போச்சு, இதுக்கு மேல தேறுமான்னு சொல்ல முடியாதுன்றாரு டாக்டரு. மாத்திரைய ஒரே அடியா நிறுத்தினதுதான் பெரிய கேடு, அதுக்கு மேல கஞ்சா வேறன்னாரு. இப்பக் காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு நான்தான் குடுக்கறேன்.

தம்பிகிட்ட சொல்ல வாயி வரல. வலைக்கு அந்தாண்ட நின்னுகினு "பொறை எப்டிம்மா இருக்கான்"னு கேக்கறான். "இருக்கான்"னு சொல்றேன். பொய்யில்லியே.

இன்னொண்ணு. நீ அனுப்பின மெசேஜ அவன் எனக்குப் படிச்சுக் காட்டினான். "பாத்தியாம்மா, அக்காவே சொல்லிட்டா"ன்னு குதிச்சான். நீ என் வயித்துல பொறந்தவ, அவனும் என் வயித்துல பொறந்தவன். நான் யாரையும் காட்டிக் குடுக்க மாட்டேன். ஆனா நீ போனயாச்சும் எடு.

அம்மா
கொளஞ்சி


20.2.2025

அக்கா,

இந்தக் கடுதாசிய எந்த சாரும் படிக்கல. பிள்ளைச்சாவடி கலியபெருமாள் நாளைக்கு வெளிய போறான். மீன்வலை அறுத்த தகராறுல ஒருத்தன் மண்டைய ஒடச்சவன், தங்கமான மனுஷன். லுங்கி மடிப்புல வெச்சு எடுத்துட்டுப் போயி தபால்ல போடுறேன்னான். அதனால நலம் விசாரிப்பு கெடையாது. நேரா வரேன்.

நீதான் சொன்ன. மெசேஜ் எனக்கு மனப்பாடம். "எலிக்கு சூப்பரா வேலை செய்யுதுடா, வலிப்பே வரல, கும்முனு உக்காந்திருக்கு. பொறைக்கு நெய்யில காய்ச்சி சொட்டு சொட்டாக் குடுத்துப் பாரு. ரெண்டும் சேந்தா ரொம்ப மயங்கிடுவான், மாத்திரையக் குறைச்சுக்க." கீழ ஒரு எலி படம். ஒரு சிரிப்பு பொம்மை. நீ அவ்ளோ சந்தோஷமா என்கிட்ட பேசி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? நான் காலேஜ விட்டதுலேர்ந்து நீ என்கிட்ட சொன்ன முதல் விஷயம் அது. அதான் அப்படியே புடிச்சுக்கிட்டேன்.

குறைன்ன. எவ்ளோ குறைக்கணும், எப்படிக் குறைக்கணும், நிறுத்தினா என்ன ஆவும், ஒண்ணும் சொல்லல. அவன் நல்லா ஓடுறானேன்னு நான் மொத்தமா நிறுத்திட்டேன். அது என் தப்பு. அதுக்குத்தான் முழுசா உள்ள இருக்கேனே. உன் பங்குக்கு யார் உள்ள இருக்கறது?

பாலத்துல அவனுங்க பையத் திறந்தப்ப எனக்கு மொதல்ல யார் ஞாபகம் வந்துச்சு தெரியுமா? பொறை ரோட்டுல கெடக்கான், அம்மா கத்துது, ஆனா எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு. இந்த மெசேஜ இவனுங்க பாத்தா அக்கா படிப்பு போச்சுன்னு. போன எடுத்து வாய்க்கால்ல வீசினேன். அந்தச் சாக்கடையில எவன் எறங்குவான்? தடயத்த அழிச்சான்னு அதையும் சேத்து எழுதிட்டாங்க. ஜாமீன் தள்ளுபடி ஆனதுக்கு அதுவும் ஒரு காரணம்னு சுமலதா மேடம் சொல்றாங்க. "என்ன இருந்துச்சு அதுல? ஏன் வீசின?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் வாயத் திறக்கல.

அந்த மெசேஜ் இருந்திருந்தா, நாய்க்குத்தான்னு அதுவே சொல்லியிருக்கும். அத உனக்காக முழுக்கினேன். நீ என்ன பண்ண? ரெண்டு கடுதாசி எழுதின. ரெண்டுலயும் போன் எங்கன்னு கேட்ட. பொறைய மட்டும் "நம்புகிறேன்". எதுக்குடி நம்பணும்? போன் போட்டு அம்மாகிட்ட கேட்டாத் தெரியாதா?

அக்காவ "டி" போட்டுட்டேன். போட்டதுதான். அழிக்க மாட்டேன்.

உன் போன்ல அந்த மெசேஜ் இன்னும் இருக்கும். இல்ல அழிச்சிட்டியா? அழிச்சிருந்தா அதையாச்சும் எழுது. ஆமாம் தம்பி, அழிச்சிட்டேன், எனக்கு எலிதான் முக்கியம்னு எழுது. நான் உன்னத் திட்டிட்டு ஒழுங்காத் தூங்குவேன். இப்படி ஒண்ணும் சொல்லாம உக்காந்திருக்கியே, அதத்தான் தாங்க முடியல.

சுமலதா மேடம் ஆபீஸ் அட்ரஸ் கீழ எழுதியிருக்கேன்.

முகிலன்


24.3.2025
பெங்களூரு

முகிலா,

நீ நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. அதை என் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அழிக்கவில்லை. பலமுறை விரலை வைத்தேன், அழிக்கவில்லை. இன்று காலை நம் இருவர் பேச்சு முழுவதையும் படம் எடுத்து அச்சிட்டு வக்கீல் சுமலதாவின் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் வந்து சொல்கிறேன் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. உனக்கு அந்தச் செய்தியை அனுப்பியது முதல் தொகுதி எலிகளை வைத்து. அடுத்த வாரமே இரண்டாவது தொகுதி முடிந்தது. அளவைக் கூட்டியபோது பாதி எலிகளுக்கு வலிப்பு முன்னைவிடச் சீக்கிரம் வந்தது. நான் எழுதினேனே, எதன் வாய் முதலில் மூடும் என்று. அடக்குகிற நரம்பின் வாய் மூடிவிட்டது என்று நினைக்கிறோம். அன்றைக்கே உன்னிடம் சொல்ல நினைத்தேன். பேராசிரியர் கடுகடுப்பாக இருந்தார், தீபாவளி வந்தது, நீ பொறை ஓடும் வீடியோ அனுப்பினாய். அதைப் பார்த்துவிட்டு, சரி, அவனுக்குத்தான் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். வலிப்பு மாத்திரை காபாவுக்குத் துணை நிற்கும் மருந்து. அதைச் சட்டென்று எடுத்தால் என்ன ஆகும் என்பது என் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு எப்படித் தெரியும்?

பொறை உயிரோடு இருக்கிறான். ஆனால் உன்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டான். அம்மா இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். இனி எதையும் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

செல்வி


5.4.2025
முத்தியால்பேட்டை

அக்கா,

வீட்டுலேர்ந்து எழுதறேன். உன் கடுதாசி உள்ள வந்தப்ப நான் வெளிய வந்துட்டேன். அங்க ஒரு சார் நல்ல மனசோட வீட்டு அட்ரஸ் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்காரு. அவரு படிச்சிருப்பாரு. படிக்கட்டும். அவருதான் நம்ம கதைய மொதலேர்ந்து படிச்ச ஆளு.

ஜாமீன் எப்படிக் கெடைச்சுதுன்னு தெரிஞ்சுக்க. அந்த மூட்டைக்காரன், எனக்கும் அந்தப் பையனுக்கும் சம்பந்தமில்லன்னு எழுதிக் குடுத்துட்டான். அப்புறம் டாக்டர் தெய்வசிகாமணி கிளினிக்க மூடிட்டு கோர்ட்டுக்கு வந்தாரு. பொறையோட மருந்துச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து காட்டினாரு. எனக்குப் பெயில் வாங்க நாய் டாக்டர் வந்தாரு. எங்க அக்கா வரல. நீ அனுப்பினது ஜாமீன் கெடைச்ச மறுநாள்தான் மேடம் கைக்குப் போச்சு. ஒரு நாள் லேட்டு. நாலு மாசம் ஒரு நாள் லேட்டு.

வீட்டுக்கு வந்தேன். வண்டி எடுத்துட்டு வந்த பையன் கிட்ட கூட பேசல, நேரா உள்ள ஓடினேன். பொறை கட்டிலுக்குப் பக்கத்துல செவுத்தப் பாத்து நின்னுட்டிருந்தான். "டேய் பொறை"ன்னேன். அசையல. கிட்டப் போயி தலையில கை வெச்சேன்.

கொலைச்சான்க்கா. திருடனப் பாத்து கொலைக்கிற மாதிரி. பின்னாலயே நகந்து போயி மூலையில முட்டி, வெளிய வரத் தெரியாம அங்கயே நின்னு நடுங்கினான்.

அம்மா கதவுகிட்ட நின்னு, "சொல்லலாம்னுதான்டா இருந்தேன்"னு சொல்லுது. நான் அம்மாகிட்ட கத்தினேன். அன்னிக்கு எங்க வீட்டுல நான் கத்தின கத்து டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். அப்புறம் அம்மா பாட்டுக்கு சோறு போட்டுச்சு, நான் பாட்டுக்கு சாப்பிட்டேன்.

அடையாளம் கண்டுக்க மாட்டான்னு எழுதியிருக்க. நீ எழுதறதுக்கு முன்னாடி அவனே சொல்லிட்டான்.

ரெண்டாவது தொகுதி. அந்த வரியப் படிச்சப்ப உன் கழுத்த நெரிச்சா என்னன்னு இருந்துச்சு. ஒரு போன். "டேய், அளவு பாத்துடா, மாத்திரைய நிறுத்திடாத." அவ்ளோதான். நீ பஸ்ல போறப்பப் பேசலாம், பல்லு தேய்ச்சுக்கிட்டே பேசலாம். உன் எலிக்கு என்ன ஆச்சுன்னு உலகத்துக்கு எழுதறதுக்கு அஞ்சு வருஷம் படிச்ச. தெரு நாயி ஒண்ணுக்கு ஒரு வரி சொல்ல நேரமில்ல.

நெஜமா சொல்றேன், உன் கடுதாசி நல்லாத்தான் இருந்துச்சு. மொத தடவ நீ எழுதின மாதிரி இருந்துச்சு. அதுக்காகக் கோவம் போயிடும்னு நெனைக்காத.

முகிலன்


21.4.2025
பெங்களூரு

முகிலா,

நலமாக இரு. அம்மாவின் முட்டிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன்.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. விசாரணை முடியும்வரை ஆய்வகத்துக்கு வர வேண்டாம் என்று தாள் கொடுத்துவிட்டார்கள். எலிகளை இப்போது வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். ஆய்வேடு என்ன ஆகும் என்று தெரியவில்லை. இதை உன் இரக்கத்துக்காக எழுதவில்லை. இனி சொல்லாமல் இருக்க மாட்டேன் என்று எழுதினேன், அதனால் எழுதுகிறேன்.

வழக்கில் நான் சாட்சி சொல்ல வேண்டிவரும் என்று வக்கீல் சொன்னார். வருவேன்.

அதற்கு முன்பே வரட்டுமா? நீ வேண்டாம் என்றால் வரவில்லை.

செல்வி


28.4.2025
முத்தியால்பேட்டை

அக்கா,

வரட்டுமான்னு கேட்டு எழுதறவ எனக்கு அக்காவா, விருந்தாளியா? இது உன் வீடு. பஸ் ஏறு.

உன் படிப்பு போயிடும்னு எனக்கு சந்தோஷம் இல்ல. அது போவக்கூடாதுன்னுதான் போன வாய்க்கால்ல வீசினேன். ஆனா உன்னப் பாத்து அழவும் மாட்டேன். கோவம் அப்படியேதான் இருக்கு. பேசினா கத்துவேன். நீயும் கத்து. வாய மூடிக்கிட்டு மட்டும் இருக்காத, அத என்னால பாக்க முடியாது.

வந்த உடனே என்கிட்ட மன்னிப்பு கின்னிப்பு பேசாத. வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நேரா உள்ள போ. பொறை செவுத்தப் பாத்து நிப்பான். பேரச் சொல்லிக் கூப்பிடு. திரும்ப மாட்டான். இன்னொரு வாட்டி கூப்பிடு. திரும்ப மாட்டான். நான் தெனமும் கூப்பிட்டுப் பாக்குறேன், நீயும் நின்னு கூப்பிட்டுப் பாரு.

அப்புறம் அலமாரி மேல மாத்திரை அட்டை இருக்கும். எடுத்து ஒண்ணு அமுக்கு. டப்புனு சத்தம் வரும். அப்பத் திரும்புவான். அந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் திரும்புறான். காது ரெண்டும் நிமிரும், வாலு ஒரு வாட்டி அசையும். உன் எலிங்க உன் சத்தம் கேட்டா மூலைக்குப் போவும்னு எழுதினியே, இவன் மூலையிலேர்ந்து வருவான். கிட்ட வந்து உன் கையப் பாத்து நிப்பான். மூஞ்சியப் பாக்க மாட்டான். அத எதிர்பாக்காத.

காலையில மாத்திரை நான் குடுக்கறேன். ராத்திரி மாத்திரை உன்னுது. நீ இருக்கற வரைக்கும் ஒரு நாள் தவறக்கூடாது. சாட்சிக் கூண்டெல்லாம் அப்புறம்.

வரும்போது பெங்களூர் இனிப்பு, பிஸ்கட்டு ஒண்ணும் வேணாம். மணிக்கூண்டு டீக்கடையில எறங்கி ஒரு பாக்கெட் பொறை வாங்கிட்டு வா. மாத்திரைய அதுல ஒளிச்சுக் குடுத்தாத்தான் முழுங்குறான்.

தம்பி
முகிலன்